அரைப்புள்ளிச் சரக்கு

பணி ஓய்வில் வந்த பணத்தை எதில் போடலாம் என்று என் அப்பா, எங்கள் வழக்கில் அப்பச்சி, முதன்முதலில் யோசனை கேட்டது என்னிடம் இல்லை. கோவிலூர் ரோட்டில் உள்ள ஒரு குடோனில், சோப்பு அட்டைப்பெட்டிகள் மேல் உட்கார்ந்துகொண்டு, என் பெரியப்பா மகளிடம் கேட்டிருக்கிறார். அதை எனக்குப் போன் செய்து சொன்னவளும் அவள்தான்.

"ஒங்க அப்பச்சி எங்கிட்ட வந்து கேக்குறாகடி, பணத்த எங்குட்டுப் போடுறதுன்னு. நான் என்னத்தக் கண்டேன்? சோப்புல போடுங்க சித்தப்பா, மனுசன் குளிக்காமயா இருக்கப் போறான்னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சுப் போனாக."

நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுப் போனை வைத்த பிறகு, பாதியில் நிறுத்தியிருந்த வேலைக்குத் திரும்ப முடியவில்லை. அந்த வேலை என்ன என்று சொன்னால்தான் காரணம் புரியும். நான் கணினியும் அதற்கு மேல் புள்ளியியலும் படித்தவள். சென்னையில் இருக்கும் ஒரு நிதி நிறுவனத்துக்காக, காரைக்குடி வீட்டில் என் அறையில் இருந்தபடியே, முதலீடுகளின் அபாயத்தைக் கணக்கிடும் நிரல்களை எழுதுகிறேன். எந்தப் பங்கு எவ்வளவு தரக்கூடும், அதைத் தருவதற்குள் ஆளை எவ்வளவு ஆட்டிவைக்கும் என்று முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் சொல்வது என் பிழைப்பு. என்னைப் பெற்றவர் மட்டும் என் அறை வாசலைத் தாண்டி, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய், சோப்புப் பெட்டி மேல் உட்கார்ந்து அதைக் கேட்டிருக்கிறார்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். அவர் என்னிடம் கேட்க வேண்டும்.

பெரியப்பா மகள் என்னைவிடச் சில மாதங்களே மூத்தவள். எங்கள் வீடுகளில் அக்காவை ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம். அதனால் அவள் எனக்கு ஆச்சி. வாழ்க்கைப்பட்டது நெற்குப்பை ஊர்க் குடும்பத்தில், இருப்பது காரைக்குடியில். அத்தான் சோப்பு, பிஸ்கட், பற்பசை, தேயிலை, தலைக்கு எண்ணெய் என்று கம்பெனிச் சரக்கை மொத்தமாக எடுத்துச் சுற்றுவட்டாரக் கடைகளுக்குப் போடும் ஏஜென்சி வைத்திருக்கிறார். குடோனில் வரவு செலவு பார்ப்பது ஆச்சி. அப்பச்சி கோவிலூர் கோயிலுக்குப் போகும் வழியில் அது இருக்கிறது. வழியில் இருப்பது தற்செயல்தான். ஆனால் அவர் போகும்போதும் நிற்பார், வரும்போதும் நிற்பார்.

எதையும் வரிசைப்படுத்தி வைத்தால்தான் எனக்கு மனது அடங்கும். ஆச்சி மேல் இருந்த பொறாமையையும் அப்படித்தான் வைத்திருந்தேன். அவளுக்குச் சுருட்டை முடி. சிறு வயதில் விருந்தாளிகள் வந்தால் என் மதிப்பெண்ணைக் கேட்டுவிட்டு அவளைப் பாடச் சொல்வார்கள். அவள் ஒருவரைக் கேலி செய்தால் கேலிக்கு ஆளானவரே முதலில் சிரிப்பார். அதே கேலியை நான் செய்தால் கூடத்தில் பேச்சு நின்றுவிடும். அம்மா மருத்துவமனையில் இருந்த கடைசி வாரங்களில் மருந்துகளுக்கு நேரவாரியாக அட்டவணை போட்டது நான். இட்லி கொண்டுவந்தவள் ஆச்சி. கண் விழிக்கும்போதெல்லாம் அம்மா விசாரித்தது இட்லியை.

இன்னொன்றை நான் வரிசையில் சேர்க்கவில்லை, மற்றவர்கள் சேர்த்தார்கள். எங்களவர்களிடம் கல்யாணமான ஒரு தம்பதி ஒரு புள்ளி. ஊர்ச் சிவன் கோயிலுக்கு வீட்டுக்கு வீடு வரி எழுதும்போது தலையை எண்ண மாட்டார்கள், புள்ளியைத்தான் எண்ணுவார்கள். கல்யாணம் ஆகாத நான் அந்தக் கணக்கிலேயே இல்லை. விசேஷ வீடுகளில் என்னைக் கண்டதும் யாராவது ஒருவர், "புள்ளியியல் படிச்ச புள்ள, இன்னும் புள்ளியாகலையா?" என்று அப்போதுதான் கண்டுபிடித்ததுபோலக் கேட்பார். எனக்காகப் பதில் சொல்வது ஆச்சி. "அவ எல்லாரையும் எண்ணி முடிச்சுட்டுத்தான் உக்காருவா. நீங்க மொதல்ல பந்திக்குப் போங்க, பாயசம் தீரப்போகுது." என்னைக் காப்பாற்றுகிறாள் என்பதும் என் வரிசையில் ஒரு வரி.

ஒரே பாட்டன் வழி வந்த ஆண்களுக்குள் வரும் எரிச்சலுக்குப் பங்காளிக் காய்ச்சல் என்று பெயர் இருக்கிறது. பெண்களுக்குள் வந்தால் பெயர் கிடையாது. கட்டிக்கொடுத்தால் தீர்ந்துவிடும் என்று நினைத்திருப்பார்கள். எங்களுக்கு அது வீட்டுப் பங்கில் வரவில்லை. பங்குச் சந்தையில் வந்தது.

ஆச்சிக்குப் பங்கு வாங்குவதற்கான கணக்கைத் திறந்து கொடுத்ததே நான்தான். கல்யாணம் முடிந்து மொய்ப்பணம் கையில் இருந்த சமயம் அது. தனித்தனியாக எதையும் வாங்காதே, மொத்தச் சந்தையையும் பிரதிபலிக்கிற இண்டெக்ஸ் ஃபண்டில் போடு, நானும் அதில்தான் போடுகிறேன் என்றேன். அவள் தன் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"மொத்தச் சந்தையவா? கல்லுக்கட்டிக் கடைவீதிக்குப் போனா எல்லாக் கடையிலயும் ஆளுக்கொரு சாமான் வாங்கிக்கிட்டா வருவ நீயி?"

"அபாயம் பரவும் ஆச்சி. ஒண்ணு கவுந்தாலும் இன்னொண்ணு நிக்கும்."

"நான் தெரிஞ்ச கடையிலயே வாங்கிக்கிறேன்."

தெரிந்த கடை என்பது, எந்தெந்தக் கம்பெனியின் அட்டைப்பெட்டி அவள் குடோனுக்கு வருகிறதோ அந்தந்தக் கம்பெனி. அவற்றின் பங்குகளை வாங்கினாள். வேறு எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் அப்போது பெரிதாகக் கவலைப்படவில்லை. தவறான விடைக்குப் பக்கத்தில் என் சரியான விடை இருக்கிறது, காலம் திருத்தும் என்று விட்டுவிட்டேன்.

நோய்த்தொற்று வந்த ஆண்டின் மார்ச்சில் காலம் திருத்தியது என்னைத்தான். ஊரே வீட்டுக்குள் இருந்தது. திரையில் என் ஃபண்டின் கோடு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே தரையைத் தேடிப் போனது. கார் வாங்க ஆளில்லை, விமானத்தில் ஏற ஆளில்லை, கடன் வாங்கியவர்கள் கட்டுவார்களா என்று வங்கிப் பங்குகளுக்கும் பயம். இவை எல்லாம் என் கூடையில் இருந்தன. ஆச்சி போன் செய்தாள்.

"ஏடி, டிவியில என்னமோ கத்துறாய்ங்களே, ஒனக்கு ரொம்பப் போச்சா?"

"எல்லாருக்கும் போயிருக்கு."

"எனக்குக் கொஞ்சந்தான் எறங்கிருக்கு. கையில சரக்கு இல்லடி, பிஸ்கட்டுக்கும் சோப்புக்கும் கடைக்காரவுக அடிச்சுக்கிறாக. கை கழுவு கை கழுவுன்னு அரசாங்கமே எங்களுக்கு விளம்பரம் பண்ணுது!"

அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும். கையில் காசு குறைந்தால் மனிதர்கள் காரைத் தள்ளிப்போடுவார்கள், பல் விளக்குவதைத் தள்ளிப்போட மாட்டார்கள். ஆகவே அன்றாடச் சரக்கு விற்கும் கம்பெனிகளின் பங்கு, சந்தை விழும்போது குறைவாக விழும். இதை நான் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். காரணம் தெரிந்திருப்பது எந்த விதத்திலும் உதவவில்லை. தெரியாத ஒருத்தி தெரியாமலே அந்த நிழலில் நின்றுகொண்டு, வெயிலில் நிற்கிற என்னை நலம் விசாரிக்கிறாள். அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை.

பிறகு சந்தை எழுந்தது. விழுந்த வேகத்தை மிஞ்சிய வேகத்தில் எழுந்து, பழைய உயரத்தைத் தாண்டிப் போனது. ஆச்சியின் பங்குகள் அந்த ஓட்டத்தில் கலந்துகொள்ளவில்லை. குறைவாக விழுபவை குறைவாகத்தான் எழும். போதாததற்கு, பாதுகாப்பு என்று எல்லோரும் ஓடிப்போய் வாங்கியதால் அவற்றின் விலை முன்பே கூடிக் கிடந்தது. நல்ல கம்பெனியாகவே இருந்தாலும் அதிக விலைக்கு வாங்கினால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நான் ஒவ்வொரு வாரமும் அவள் கோட்டையும் என் கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவளுக்காக அவளைவிட நான்தான் அவள் பங்குகளைக் கவனித்தேன்.

அவள் கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவே இல்லை. கடைசியில் ஒரு கல்யாண வீட்டில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தபோது நானே சொன்னேன். என்னுடையது எவ்வளவு ஏறியிருக்கிறது, அவளுடையது எவ்வளவு பின்தங்கியிருக்கிறது, இரண்டுக்கும் நடுவே இடைவெளி எவ்வளவு.

"அப்புடியாடி! நல்லா இருக்கட்டும்," என்றாள். உண்மையாகவே சொன்னாள். பிறகு மண்டிக் குழம்பு பரிமாறியவரைக் கூப்பிட்டு, "இவுகளுக்கு இன்னொரு கரண்டி மண்டி ஊத்துங்க, இங்குட்டு," என்றாள்.

நான் ஜெயித்ததில் எனக்கு ஒரு குறை இருந்தது என்றால் அதுதான். எதிராளிக்குத் தான் தோற்றது தெரிய வேண்டும். அவளுக்குப் பொறாமை வரவில்லை. அதைப் பார்த்து எனக்கு வந்தது.

அம்மா போன பிறகு அப்பச்சி இன்னும் அதிகமாகக் கோவிலூர் போக ஆரம்பித்தார். கல்லூரி ஒன்றில் வேதியியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டவர் அவர். மாதாமாதம் ஓய்வூதியம் வரும் வேலை இல்லை. மொத்தமாக ஒரு தொகை கொடுத்து மாலை போட்டு அனுப்பினார்கள். இனிமேல் அவருக்கு அதுதான் சம்பளம். அதை அவர் கொண்டுபோய்க் கேட்ட இடத்தைத்தான் ஆரம்பத்தில் சொன்னேன்.

நான் கோபப்படவில்லை. கோபம் எனக்கு வராது, ஏற்பாடு வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குச் சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியை வைத்து, "அப்பச்சி, இங்க வாங்க, பணத்த எப்படிப் போடுறதுன்னு காட்டுறேன்," என்றேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வீட்டுக்குள் சட்டை போடாதவர், நான் காட்டப்போவதை மதித்துப் போட்டுக்கொண்டார் என்று எனக்குப் பட்டது. அந்தச் சந்தோஷம் சிறிது நேரமே இருந்தது. வாசலில் ஆச்சியின் குரல் கேட்டது. வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்னியும் கொண்டுவந்திருந்தாள். சட்டை வெளியாளுக்காக இருக்கலாம்.

"என்ன சித்தப்பா, பாடம் நடக்குதா? நான் கடைசி பெஞ்சுல உக்காந்துக்கிறேன்," என்று அவளும் உட்கார்ந்தாள்.

திரையில் இரண்டு கோடுகள். "கறுப்புக் கோடு மொத்தச் சந்தை அப்பச்சி. செவப்பு, ஆச்சி வாங்கியிருக்கிற மாதிரி சோப்பு, பிஸ்கட் கம்பெனிங்க. ரெண்டு விசயம் பாக்கணும். எவ்வளவு ஏறுது, எவ்வளவு ஆடுது."

"என்னடி எங்கோடு குனிஞ்சுக்கிட்டே போகுது? இடுப்பு வலியா அதுக்கு?" என்றாள் ஆச்சி.

"குனியலத்தா, நிதானமாப் போகுது," என்றார் அப்பச்சி. அவள் கோட்டுக்கு அவர் பரிந்து பேசினார். என் கோட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அது மேலே, தனியாக, ஏறிக்கொண்டிருந்தது.

நான் வரிசையாகச் சொன்னேன். நுகர்பொருள் என்பதிலேயே இரண்டு இனம் உண்டு. சோப்பு, உப்பு, தேயிலை ஒன்று. கார், குளிர்சாதனப் பெட்டி, நகை இன்னொன்று. முதல் இனம் இல்லாமல் இருக்க முடியாது, இரண்டாவது இல்லாமல் இருக்கலாம். அதனால் இரண்டாவது இனம் சந்தையைவிடவும் அதிகமாக ஆடும். ஆச்சியுடையது முதல் இனம். ஆனால் அதிலும் ஆபத்து இருக்கிறது. எல்லாம் ஒரே துறை. மழை பொய்த்துக் கிராமங்களில் வாங்குவது குறைந்தால் எல்லாம் சேர்ந்து படுக்கும். அதிலும் ஆச்சி வீட்டில் பிழைப்பும் சோப்பு, சேமிப்பும் சோப்பு.

"ஒரே பெட்டிக்குள்ள ரெண்டையும் வச்சுப் பூட்டியிருக்க ஆச்சி," என்றேன். இதை அவளிடம் சொல்ல ரொம்ப நாளாகக் காத்திருந்தேன்.

"சாவியும் எங்கிட்டதானடி இருக்கு," என்று அவள் அப்பச்சி தட்டில் இன்னொரு பணியாரம் வைத்தாள். அவர் சிரித்தார்.

அந்தச் சிரிப்புத்தான் என்னைத் தூக்கிக்கொண்டுபோயிருக்க வேண்டும். ஒரு பங்கு, சந்தையோடு ஒப்பிட்டால் எவ்வளவு ஆடுகிறது என்பதற்கு எங்கள் தொழிலில் ஓர் எண் இருக்கிறது. சந்தை முழுதாக ஆடினால் இது அதில் எத்தனை பங்கு ஆடும் என்று அந்த எண் சொல்லும். அலுவலகத்தில் அதற்கு ஆங்கிலப் பெயர். அப்பச்சிக்குப் புரிய வேண்டும் என்று, அவர் டிவியில் தினமும் கேட்கிற சொல்லையே எடுத்தேன்.

"சந்தை ஒரு புள்ளி எறங்குனா இது அரைப்புள்ளிதான் எறங்கும். ஏறும்போதும் அதே அரைப்புள்ளிதான். ஒங்களுக்கு அது போதுமா? அரைப்புள்ளி என்னைக்கும் அரைப்புள்ளிதான் அப்பச்சி, முழுசாகாது. அத நம்பி எதையும் ஒப்படைக்க முடியாது."

அப்பச்சி கையில் இருந்த பணியாரத்தைத் தட்டில் வைத்தார். "கை கழுவிட்டு வாரேன்," என்று எழுந்தார். கை கழுவும் சத்தம் கேட்டது. பிறகு ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது.

"வெயில்ல எங்க போறாக?" என்றேன்.

ஆச்சி என்னைப் பார்த்த பார்வையில் முதல்முறையாகக் கேலி இல்லை. "அரைப்புள்ளின்னு எத்தன தடவடி சொல்லுவ?"

"அது ஒரு எண்ணு ஆச்சி, அந்தப் பங்கு எவ்வளவு..."

"எண்ணுமில்ல மண்ணுமில்ல. போன வாரம் கோயில்லருந்து வரி எழுத வந்தாகல்ல, அப்ப நான் இங்கதான் இருந்தேன். வந்தவுக தப்பா ஒண்ணும் கேக்கல, கேட்டுத்தான ஆகணும். 'இந்த வருசத்துலருந்து ஒங்களுக்கு அரைப்புள்ளிங்களா'ன்னாக. சித்தப்பா, 'ஆமா, அரைதான்'னாக. காசக் குடுத்து அனுப்பிட்டு, எங்கிட்டத் தண்ணி கேட்டாக. ரெண்டு செம்பு குடிச்சாக. நீ அந்தா அந்த ரூமுக்குள்ள காதுல மாட்டிக்கிட்டு இருந்த."

தம்பதியில் ஒருவர் போய்விட்டால் மிஞ்சியவர் அரைப்புள்ளி. இது எனக்குத் தெரியாதது இல்லை. தெரிந்தே இருந்தும் அந்தச் சொல் என் வாயில் வந்தபோது ஓர் எண்ணாக மட்டுமே வந்தது. வேறு ஊர்க்காரர்களுக்கு அது வாக்கியத்தின் நடுவில் இடுகிற ஒரு குறி. எங்கள் வீட்டில் அன்றைக்கு அது, எதிரில் பணியாரம் தின்றுகொண்டிருந்த மனிதர்.

ஆச்சி சொல்லி முடித்ததும் எனக்கு வந்திருக்க வேண்டியது வருத்தம். அது வந்தது, ஆனால் இரண்டாவதாக. முதலில் வந்தது வேறு: தண்ணீரை ஏன் இவளிடம் கேட்டார்? அறைக் கதவு சாத்தித்தான் இருந்தது, பூட்டி இருக்கவில்லை. தட்டியிருந்தால் காதில் இருந்ததைக் கழற்றியிருப்பேன். அவர் இனி பாதி என்று ஒருவர் எழுதிக்கொண்டு போன நாளில், அந்த முகத்தைப் பார்த்தவள் ஆச்சி. அந்த முகம் எனக்குச் சேர வேண்டியது. பங்கு, பணம், சுருட்டை முடி எல்லாவற்றையும் அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று தோன்றியது. அந்த இரண்டு செம்புத் தண்ணீரை மட்டும் என்னால் விட்டுக்கொடுக்க முடியவில்லை.

"நீ பணியாரத்தச் சாப்புடு, ஆறிப்போச்சு," என்றாள். சாப்பிட்டேன். ஆறியும் நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த சில நாட்கள் வீட்டில் யாரும் பணத்தைப் பற்றிப் பேசவில்லை. அப்பச்சி செய்தித்தாள் படித்தார், செடிகளுக்குத் தண்ணீர் விட்டார். டிவியில் சந்தைச் செய்தி வரும்போது சத்தத்தைக் குறைத்தார். எத்தனை புள்ளி என்று வாசிப்பவர் சொல்லும் இடம் மட்டும் எங்கள் வீட்டில் ஊமையாக ஓடியது. நான் மன்னிப்பைப் பல விதமாக எழுதிப் பார்த்தேன். எல்லா விதத்திலும் அந்தச் சொல்லை மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

ஒரு வியாழக்கிழமை காலை என் அறைக் கதவு தட்டப்பட்டது. அப்பச்சி நின்றார். சட்டை போடவில்லை.

"மீட்டிங்கா?"

"இல்ல அப்பச்சி. வாங்க." இருந்தது. அதை அணைத்தேன்.

அவர் உள்ளே வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார், வேறு யாரோ வீட்டுக்கு வந்தவர்போல.

"ஒன்ன ஒண்ணு கேக்கணும்த்தா. நான் ஒன் அப்பச்சி இல்லன்னு வச்சுக்க. யாரோ ஒரு ஆளு. வயசு அறுவதத் தொட்டாச்சு, பொண்டாட்டி இல்ல, பென்சன் இல்ல. இருக்குற பணத்துலருந்து மாசாமாசம் கொஞ்சம் எடுத்துச் சாப்புடணும். ஒங்க ஆபீசுல வந்து நிக்கிறான். என்ன சொல்லுவ?"

இத்தனை நாள் நான் காத்திருந்த கேள்வி இதுதான். கேட்டுவிட்டார். என் அறையில், என் கட்டிலில் உட்கார்ந்து, என்னிடம்.

யாரோ ஒரு ஆள் என்று அவர் சொன்னதும் என் தலைக்குள் நிரல் தானாக ஓடியது. அது யார் கேட்கிறார்கள், குடோனில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றெல்லாம் பார்க்காது. முக்கால்வாசியை வங்கி வைப்பில் போடச் சொல்வேன் என்றேன். மாதச் செலவு அதன் வட்டியில் ஓட வேண்டும். மீதியைத்தான் பங்குப் பக்கம் கொண்டுபோகலாம், விலைவாசியோடு கூடவே ஓடுவதற்காக.

"பங்குல எது?"

நான் வேறு எதையாவது சொல்லியிருக்கலாம், கணக்கு விடவில்லை. இளம் வயதுக்காரருக்குக் காத்திருக்க நேரம் இருக்கிறது, பெரிய இறக்கம் வந்தாலும் ஏறும் வரை உட்கார்ந்திருக்கலாம்; என் கறுப்புக் கோடு அவர்களுக்கு. ஒரு பெரிய சரிவு வந்த மாதத்தில் பணத்தை எடுத்தே ஆகவேண்டிய ஆளுக்கு அது இல்லை.

"ஆட்டம் கம்மியா உள்ளது. அன்றாடச் சரக்கு. ஒரே கம்பெனியா இல்லாம அந்தத் துறை முழுக்க இருக்குற ஃபண்டா வாங்கலாம். கொஞ்சங்கொஞ்சமா, மாசாமாசம். இப்ப வெலை கூட இருக்கு."

"சோப்பு."

"சோப்பு, பிஸ்கட்டு, தேயிலை."

"அவ சொன்னதுதான."

"ஆமா அப்பச்சி. அவ சொன்னதுதான்."

காரணம் தெரியாமல் அவள் சொன்ன விடையை, காரணங்களோடு நான் வந்து அடைந்திருந்தேன். அவளுக்கு அது ஒரு வேடிக்கைப் பேச்சு. எனக்கு இரண்டு பட்டங்கள். என்னைவிடத் தெரிந்தவள் என்று அவளை அப்போதும் ஒப்புக்கொள்ள மாட்டேன், அவளுக்குத் தெரியாது. அதுதான் இன்னும் எரிந்தது.

அப்பச்சி தலையை ஆட்டிக்கொண்டார். "சரிதான். அரைப்புள்ளி ஆளுக்கு அரைப்புள்ளிச் சரக்கு."

"அப்பச்சி, அன்னைக்கு நான் சொன்னது..."

"விடுத்தா. நீ சரக்கத்தான சொன்ன." எழுந்து வாசல் வரை போனவர் திரும்பினார். "ஒன்னோட அந்தக் கறுப்புக் கோட்டுலயும் கொஞ்சம் போட்டு வையி."

பங்குக்கு என்று ஒதுக்கியதில் ஒரு சிறு பகுதி மொத்தச் சந்தையில் இருப்பது அவர் வயதிலும் சரியான முடிவுதான். நானே அதைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவர் அதைச் சொன்னது கணக்குப் பார்த்து இல்லை. என் முகத்தைப் பார்த்து. விடை சரி, வழி தவறு. பள்ளியில் இதற்குப் பாதி மதிப்பெண் போடுவார்கள். நான் வாங்கிக்கொண்டேன்.

"எல்லாம் நீதான் செய்யணும், எனக்கு அந்தப் போன்ல ஒண்ணும் வெளங்காது," என்றார். செய்தேன். அவர் பெயரில் கணக்கைத் திறந்து, அவர் போனில் வந்த எண்களை அவர் வாசிக்க வாசிக்க நான் அடித்து, முதல் மாதத் தொகை போய்ச் சேர்ந்ததைத் திரையில் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "சேந்துருச்சா?" என்றார். சேர்ந்துவிட்டது என்றேன். அவ்வளவு நேரம் என் தோளில் அவர் கை இருந்தது.

பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டர் சாவியைத் தேடினார்.

"எங்க போறீக அப்பச்சி?"

"கோவிலூர் வரைக்கும்."

அன்றைக்குத் திங்கட்கிழமை இல்லை. வழக்கமாகக் கோயிலுக்குத் திங்கட்கிழமைதான் போவார்.

இப்போது அவர் குடோனுக்குப் போனால் பெட்டிகளை எண்ணுகிறாராம். ஆச்சி சொன்னாள். "மொதலாளி வந்துட்டாகன்னு எல்லாரும் எந்திரிச்சு நிக்கிறோம்டி. எந்த சோப்பு ஓடுது, எது ஓடலன்னு ஒரே விசாரணை. நேத்து ஒரு பெட்டி நனைஞ்சிருச்சுன்னு என்னையத் திட்டுறாக, என்னமோ அவுக வீட்டுச் சாமான் மாதிரி!" அவளுக்குத் திட்டும் கிடைக்கிறது. என்னை அவர் திட்டி எத்தனையோ வருடம் ஆகிறது.

சென்ற மாதம் சந்தை பலமாக இறங்கிய ஒரு நாளில், சாயங்காலம் அவரிடமிருந்து போன் வந்தது. பின்னால் லாரி பின்வாங்கும் சத்தம் கேட்டது. குடோனில் இருந்துதான் பேசினார்.

"ஆத்தா, இன்னைக்கு எத்தன புள்ளி?"

சொன்னேன். உச்சுக்கொட்டினார்.

"நம்மது?"

வாய் வரை வந்த சொல்லை விழுங்கினேன். "அதுல பாதிதான் அப்பச்சி."

"அரைப்புள்ளின்னு சொல்லேன், என்ன கூச்சம்?" என்றார்.

பக்கத்தில் ஆச்சி சிரிப்பது கேட்டது. "என்ன சொல்றா சித்தப்பா ஒங்க மக?"

"நம்ம சரக்கு நிக்குதாம்த்தா," என்று அவளிடம் சொன்னார்.

அவர் போனை அணைக்க மறந்துவிட்டார். இரண்டு பேரும் எதையோ பேசிச் சிரித்துக்கொண்டே தள்ளிப் போகும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது. எதிரே திரையில் என் கறுப்புக் கோடு கீழே போய் நின்றிருந்தது. அதில் என் சேமிப்பு முழுவதும் இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. என்னிடம் 'நம்மது' என்று கேட்டவர், அடுத்த மூச்சில் அவளிடம் 'நம்ம சரக்கு' என்கிறார். இரண்டில் எது முழுசு, எது அரை என்று காதைப் போனில் வைத்தபடி கேட்டுக்கொண்டே இருந்தேன், லாரிச் சத்தம் எல்லாவற்றையும் மூடும் வரை.